வாலு பேரில் ஓடும் போர்டுகள்

பிப்ரவரி 2

அன்புள்ள ஈயத்துக்கு,

உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்திருப்பாய். பயப்படாதே, வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. நான் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நலமாக இருப்பாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

ஐந்து மாதமாகப் பேச்சுமூச்சில்லாமல் இருந்தவள் இன்று பேனாவை எடுத்ததற்குக் காரணம் என் பழைய போன். புதுப் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. பெட்டிக்கு அடியில் கிடந்த பழையதை எடுத்துச் சார்ஜ் போட்டேன். உயிர் வந்ததும் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பார்த்தால் அந்த வாலட். கிரிப்டோ காசு தோண்டும் நம் முதல் போர்டு ஓடியபோது, என் போனில் இடம் இல்லை, உன் போனிலேயே திற என்று நீ திறக்கவைத்த அதே கிரிப்டோ கணக்கு. நான் கிளம்பி வந்த நாளிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு அதில் ஒரு துளி விழுந்திருக்கிறது. ஒரு நாள் இரண்டு டீக்கு வரும், மறுநாள் ஒரு டீக்கு. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

இத்தனை நாள் ஒரு வார்த்தை சொல்லாமல், தெரிகிறதா இல்லையா என்றுகூடக் கேட்காமல் அனுப்பிக்கொண்டிருக்கிறாயே. நானோ இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனுஷனுக்கு நான் போனதே தெரிந்திருக்காது, விசிறிச் சத்தத்தில் கதவு சாத்திய சத்தம் கேட்டிருக்காது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் போனேன் என்று அத்தை இன்னும் உன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்ன சொல்கிறாய்? குளியலறைத் தொட்டியில் செம்பு அரிக்கும் திராவகம், சமையலறை ஓவனில் வேகும் போர்டு, படுக்கை அறை அலமாரியில் பதினெட்டு விசிறி என்று சொல்கிறாயா? இந்த வீட்டில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்று ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்ட அன்று, நீ திரும்பி "என்ன?" என்றாய். மறுபடி கேட்டேன். மறுபடி "என்ன?" என்றாய். மூன்றாவது தடவை கேட்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டேன்.

இங்கே காது ஆஸ்பத்திரியில் வேலை நன்றாகப் போகிறது. தடித்த சுவர் வைத்த சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, காதில் மெல்லிய சத்தம் கொடுத்து, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டும். ஒப்பந்தம் மே கடைசியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறாயா என்று டாக்டர் கேட்கிறார். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பாதி மனசு போடு என்கிறது, பாதி அந்த டிங் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

பதில் எழுது. போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். பேச்சில் நீ விலாங்கு, பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவாய். காகிதத்தில் எழுதினால் எழுதியது எழுதியபடி நிற்கும்.

இப்படிக்கு,
உன் வாலு


பிப்ரவரி 9

என் அன்பு வாலுவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு ஒரு தடவை, நடந்துகொண்டு மூன்று தடவை படித்தேன். நீ போனதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் உட்கார வருவதில்லை. அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து தரையில் தடம் விழுந்துவிட்டது. அம்மா போனில், காலில் சக்கரமா கட்டியிருக்கே என்று திட்டுகிறாள். உன்னைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் அவளுக்கும் எனக்கும் லைன் சரியாகக் கிடைப்பதில்லை.

நான்தான் அனுப்பினேன், தினமும் உன்னை நினைத்து அனுப்பினேன் என்று எழுத கை துறுதுறுக்கிறது. காகிதத்தில் எழுதியது நிற்கும் என்கிறாயே, அதனால் உள்ளதைச் சொல்கிறேன். ஒவ்வொரு போர்டையும் விற்பதற்கு முன் இரண்டு நாள் அலமாரியில் ஓடவிடுகிறேன். சூட்டில் எந்தச் சிப் நிற்கும், எது சாகும் என்று அப்போதுதான் தெரியும். அந்த இரண்டு நாளில் அது சம்பாதிக்கும் சில்லறை யாருடைய கணக்குக்காவது போக வேண்டும் இல்லையா? உன் கணக்குக்குப் போகிறது. முதல் போர்டுக்கு அப்படித்தான் போட்டோம், இன்றுவரை மாற்றவில்லை. என் விரலுக்கு அந்த விலாசம் ஒன்றுதான் தெரியும். ஓட்டுபவர் பெயர் என்று கேட்கும் இடத்தில் 'வாலு' என்று அடிப்பேன். மாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை, அதை மட்டும் என் கணக்கில் வரவு வைத்துக்கொள்.

வியாபாரம் ஓடுகிறது. கம்பெனிக்காரன் மிஷின் வாங்க முடியாதவர்களுக்கு என் கைப் போர்டுதான் கதி. பழைய மிஷினிலிருந்து சிப்பைச் சூடான காற்றில் கழற்றி, என் பலகையில் வைத்து, ஓவனில் வேகவைத்து, கூடவே எப்படி மாட்டுவது, எந்தத் தளத்தில் சேருவது என்று ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் வைத்து அனுப்புகிறேன். சின்னப் போர்டு தனியாகத் தோண்டினால் குதிரைக்கொம்புதான். ஆயிரம் பேர் கூட்டாகச் சேர்ந்து தோண்டிக் கிடைப்பதைப் பங்கு போடும் தளத்தில் சேர்ந்தால் ஏதோ வரும்.

பெரிய வாடிக்கையாளர் யார் தெரியுமா? மூன்றாவது தெருச் சலவைக்கடை அண்ணன். நாற்பது போர்டு வாங்கித் துணி உலர்த்தும் அறையில் வரிசையாக மாட்டியிருக்கிறார். சூட்டில் துணி காய்கிறது, கூடவே காசும் வருகிறது, கரண்ட் பில் கட்டியது போக மிச்சமும் நிற்கிறது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்க தம்பி செஞ்சது என்று என்னைக் காட்டுகிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கமாகவே நடந்து போகிறேன்.

நீ கையெழுத்துப் போடாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் போடாதே.

உன்,
ஈயம்


மார்ச் 10

அன்புள்ள ஈயத்துக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்று சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும், அதனால் சொல்லவில்லை. ஒவ்வொரு போர்டும் ஊரான் வீட்டுக்குப் போவதற்கு முன் இரண்டு நாள் எனக்காக வேலை பார்த்திருக்கிறது. என் கல்யாணத்துக்கு வந்த பரிசு எதுவும் இத்தனை நாள் உழைக்கவில்லை.

இது இருக்கட்டும், இப்போது என்ன பண்ணுகிறாய் அங்கே? இந்த மாதம் பிறந்ததிலிருந்து அந்தக் கணக்கில் துளி விழவில்லை, கொட்டுகிறது. டீக்கு வந்தது போய், ஒரு நாளைக்கு என் சம்பளத்துக்கு வந்துவிட்டது. எனக்கென்று தனி அலமாரியே போட்டுவிட்டாயா? நேற்று ஆஸ்பத்திரியில் காதுச் சோதனைக்கு வந்த ஒரு தாத்தா, நான் சத்தமே கொடுக்காத நேரத்தில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். நான் என்ன நினைப்பேனோ என்று கேட்காததைக் கேட்டதாகக் காட்டுகிறார், பாவம். அப்படிப்பட்டவர்களுக்காகவே நடுநடுவே சும்மா இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வழக்கமாக எனக்கு எரிச்சல் வரும். நேற்றுச் சிரித்துக்கொண்டே, மெதுவா கேளுங்க தாத்தா என்றேன். பக்கத்து அறைப் பெண், உனக்கு என்ன ஆச்சு என்றாள்.

ஒரு விஷயம் யோசித்துவைத்திருக்கிறேன். வீட்டுக்குள் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்தால் நான் திரும்பி வந்தாலும் ஆறு மாதத்தில் மறுபடி பெட்டி எடுப்பேன். எலி வளையானாலும் தனி வளை வேண்டும். உன் போர்டுகளுக்கு ஒரு தனி வளை, எனக்கு ஒரு வீடு. அவ்வளவுதான் நான் கேட்பது. இந்தப் பணம் இப்படியே வந்தால் அது நடக்கும் போலிருக்கிறது.

இது நீ செய்வதுதானா? ஆம் என்று ஒரு வரி எழுது, போதும்.

உன்,
வாலு


மார்ச் 17

அன்பு வாலுவுக்கு,

கேட்டதற்குப் பதில்: வியாபாரம் கொஞ்சம் சூடு பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள். வருவதை வாங்கிவை. மனைவி கணக்கில் பணம் விழுந்தால் புருஷனைக் குறுக்கு விசாரணை செய்வது உலகத்தில் நீ ஒருத்திதான்.

இங்கே ஓய்வில்லை. நான் துண்டுப்பிரசுரத்தில் எல்லாருக்கும் சிபாரிசு செய்திருந்த கூட்டுத்தளத்தை நடத்துகிறவர்கள் மார்ச் ஒன்றாம் தேதி சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டார்கள். போன் மேல் போன். கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் வேறு தளத்துக்கு மாற வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கூப்பிடாதவர்கள்தான் அதிகம். போர்டு பாட்டுக்கு ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சலவைக்கடை அண்ணன் வழியில் பிடித்துக்கொண்டார். இந்த மாதம் ஒன்றும் வரவில்லையே தம்பி என்றார். சீசன் மந்தம் அண்ணே, உலகம் பூராவும் அப்படித்தான் என்றேன். சரி என்று தலையாட்டினார். அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர்.

நேற்று ஒரு போர்டில் சிப்பைத் தலைகீழாக வைத்து ஓவனில் போட்டுவிட்டேன், பத்து வருடத்தில் செய்யாத தப்பு. நீ பக்கத்தில் இருந்தால் திட்டியிருப்பாய்.

தனி வளை யோசனை நல்ல யோசனை. சீக்கிரம் வா.

உன்,
ஈயம்


ஏப்ரல் 2

என் அன்பு ஈயத்துக்கு,

கண்ணை மூடிக்கொள். மூடினால் படிக்க முடியாது, சரி, திறந்தே இரு.

நம் தெருமுனையில் மூடிக்கிடக்கும் போட்டோக் கடை இருக்கிறதே, அதை உனக்கு எடுத்துவிட்டேன். படம் கழுவிய இருட்டறை, பெரிய தொட்டி, தடித்த கதவு. உன் திராவகத்துக்கும் விசிறிக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி. கடை உரிமையாளரின் மனைவி என்னோடு பழைய வேலையில் இருந்தவள். வாலட்டில் இருந்ததில் முக்கால்வாசியை ரூபாயாக மாற்றி ஒரு வருட வாடகையையும் முன்பணத்தையும் அனுப்பிவிட்டேன். ரசீதை இதோடு வைத்திருக்கிறேன். வாடகைச் சீட்டில் உன் பெயர்.

நீ அனுப்பியதை உனக்கே செலவழித்தேன் என்று கோபிக்காதே. ஐந்து மாதம் வாயைத் திறக்காமல் நீ செய்ததற்கு நான் ஒன்றாவது திருப்பிச் செய்ய வேண்டாமா? நான் கோபக்காரி, நன்றி கெட்டவள் இல்லை.

டாக்டரிடம் வாய்ச் சொல்லாகச் சொல்லிவிட்டேன், மே மாதத்தோடு கிளம்புகிறேன் என்று. முகம் சுருங்கிவிட்டது. கடைசியில், வீடு என்று ஒன்று இருக்கும்போது போய்த்தான் ஆகணும் என்றார். பதினைந்தாம் தேதி எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு இப்போதே இருப்புக்கொள்ளவில்லை. துணியை மடித்துப் பெட்டியில் வைக்கிறேன், போட வேண்டும் என்று மறுபடி எடுக்கிறேன்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. இதை நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லாதே.

உன்,
வாலு


ஏப்ரல் 8

வாலுவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்து ஐந்தாவதாக எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

அந்தப் பணம் நான் அனுப்பியது இல்லை. ஆரம்பத்தில் வந்த துளி நான் முன்பு எழுதியபடி அலமாரிப் போர்டுகளுடையது. மார்ச்சில் கொட்டியது வாடிக்கையாளர்களுடையது.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு போர்டிலும் இரண்டு வரி இருக்கும். முதல் வரியில் எந்தத் தளத்தில், யார் கணக்குக்கு வேலை செய்ய வேண்டும் என்று எழுத வேண்டும். அந்தத் தளம் கிடைக்காவிட்டால் எங்கே போக வேண்டும் என்று இரண்டாவது வரி. சோதனை ஓட்டத்தில் இரண்டிலும் உன் கணக்கைப் போடுவேன். விற்கும்போது முதல் வரியை அழிப்பேன். இரண்டாவது வரியை ஒரு போர்டில்கூட அழிக்கவில்லை. மறந்துவிட்டேன் வாலு, சத்தியமாக மறதிதான். மூன்று வருடமாக ஒரே மறதி. நான் சொன்ன தளம் மூடியதும், அதில் இருந்த அத்தனை போர்டும் அடுத்த நிமிஷமே இரண்டாவது வரிக்குத் தாவி, வாலு பேரில் ஓட ஆரம்பித்துவிட்டன.

மறந்தது ஒரு குற்றம். அடுத்தது மறதி இல்லை. உன் மார்ச் பத்தாம் தேதிக் கடிதம் வந்த அன்றே கணக்கைத் தோண்டிப் பார்த்துவிட்டேன். தெரிந்துகொண்டுதான் உனக்கு 'வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது' என்று எழுதினேன். தெரிந்துகொண்டுதான் அண்ணனிடம் சீசன் மந்தம் என்றேன். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. கூப்பிட்டவர்களுக்கு முதல் வரியை மாற்றச் சொன்னேன், இரண்டாவதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

நேற்று அண்ணன் ஒரு போர்டைக் கழற்றி, தேய்த்த சட்டையை மடித்து வைக்கிற கவரில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி நின்றார். "நான் படிக்காதவன் தம்பி. எதையோ தட்டித் தொலைச்சுட்டேன் போல. திட்டாம பார்த்துக் கொடுங்க" என்றார். ஒரு மாதத்துக்கு மேலாகத் தன் கைதான் தப்புச் செய்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கண் முன்னாலேயே போர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டித் திறந்தேன். இரண்டாவது வரியை விரல் வைத்துப் படித்தார்.

"வாலு யாரு தம்பி?"

"அது சும்மா டெஸ்ட் பேரு அண்ணே."

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். வரியை அழித்துக் கொடுத்தேன், நாற்பதுக்கும் எப்படி அழிப்பது என்று காட்டினேன். கும்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது தேய்த்துக் கொண்டுவந்திருந்த என் நான்கு சட்டையைக் கொடுத்துவிட்டு, கூலி வேண்டாம் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால்கூடச் சோறு புடைத்துக்கொண்டு தெரியும். நான் மறைத்தது அவருக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் அவர் தேடவில்லை.

இப்போது என்ன செய்வது என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். அறைக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. நீ வருகிறாய். தொண்ணூற்று நான்கு பேரிடம் இப்போது உண்மையைச் சொன்னால் ஓர் ஆர்டர் தங்காது, அறைக்கு வாடகை கட்ட வழியிருக்காது. நீ முதலில் வா. வந்த பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து யோசித்து, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உன்,
ஈயம்


ஏப்ரல் 14

ஈயத்துக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை.

ஒன்றரை மாதம் தினமும் காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு எழுந்தேன். அந்தச் சலவைக்கடை மனிதர் அதே காலையில் தன் கையை நொந்துகொண்டு எழுந்திருக்கிறார். என்னை வைத்து அவரை ஏமாற்றினாய், அவரை வைத்து என்னை ஏமாற்றினாய். அதுவும் என் செல்லப் பெயரில்.

நீ மறந்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. மறதி உன் கூடப்பிறந்தது. பொய் சொன்னதற்குக் கோபம் உண்டு, ஆனால் நீயே சொல்லிவிட்டாய், அதைத் தின்று செரித்துவிடுவேன். 'நீ முதலில் வா, வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. நான் வந்து அந்த அறையின் சாவியைத் திருப்பிக்கொண்டு, தெருவில் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, மெதுவாக, எப்போது மெதுவாக? மடியில் கனத்தைக் கட்டி என்னையும் வழியில் நடக்கச் சொல்கிறாய்.

அறையை விடச் சொல்லிவிட்டேன். கடை உரிமையாளரின் மனைவி நல்லவள், வாடகையைத் திருப்பி அனுப்பினாள், முன்பணத்தை அனுப்பவில்லை. அந்தப் பணத்தைச் செலவு செய்த கை என்னுடையது, அதனால் குறைவதை என் சம்பளத்திலிருந்து போடுவேன். வாலட்டில் இருப்பதையெல்லாம் உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன், இனி விழுவதையும் அனுப்புவேன். யார் யாருக்குச் சேர வேண்டுமோ கொடு.

இன்று காலை டாக்டரிடம் போய் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் வரவில்லை.

எழுதினால் எழுது. பதிலை எதிர்பார்க்காதே.

வாலு


ஏப்ரல் 14

வாலுவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்கலாம் என்று பார்த்தேன். ஆறு நாள் நடந்தேன். முடியவில்லை.

சலவைக்கடை வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை அவரே பார்த்து உள்ளே கூப்பிட்டார். சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது வரி, வாலு என் பெண்டாட்டி, எனக்கு மார்ச் பாதியிலேயே தெரியும், எல்லாம். அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. காலர், கை, முதுகு என்று அந்தச் சட்டையை முடித்து, மடித்து, கவரில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நான் கேட்டன்னைக்கே சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன் தம்பி. இத்தனை நாளா என்னை நானே முட்டாள்னு திட்டிட்டிருந்தேன். அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா உங்களால?"

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொடுங்கள் என்றார். பிறகு உலர்த்தும் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். நாற்பது போர்டையும் துணிக்குச் சீட்டுக் குத்துவது போல எண் எழுதிய சீட்டுக் குத்தி, இரண்டு மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். நான் தூக்கிக்கொண்டு வந்தேன். தெருவில் எல்லாரும் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து அலமாரியையும் நிறுத்திவிட்டேன். விற்ற நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். போன் நம்பர் இருப்பவருக்குப் போன், விலாசம் மட்டும் இருப்பவருக்குக் கடிதம், இரண்டும் தவறினால் நேரில் போகிறேன். வரியை அழித்துவிட்டேன் என்று அவர்கள் வாயால் சொல்லும்வரை விடுவதில்லை. போன கடிதத்தில் உன்னிடம் யோசனை கேட்டது போல எழுதியிருந்தேன். அது யோசனை இல்லை, கோழைத்தனம். அதை எழுதாமல் இருந்திருக்கலாம் என்று இருக்கிறது, ஆனால் நீதான் சொன்னாயே, எழுதியது நிற்கும்.

இன்னும் தொண்ணூற்று மூன்று பேர்.

ஈயம்


ஏப்ரல் 27

வாலுவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் கடிதம் உன்னிடம் போகும்போது அது வழியில் எதிரே வந்திருக்கிறது. நீ எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

இன்னும் அறுபத்தொரு பேர். ஐந்து பேர் கெட்ட வார்த்தை. ஒரு டீச்சரம்மா மட்டும், பரவாயில்ல, சொல்லணும்னு தோணிச்சே என்றார். அதைக் கேட்டதும் கெட்ட வார்த்தையே தேவலை என்று இருந்தது.

ஈயம்


மே 16

வாலுவுக்கு,

இன்னும் இருபத்தெட்டு. ஆர்டர் எல்லாம் நின்றுவிட்டது. பகலில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் உட்காருகிறேன். அதாவது, நிற்கிறேன்.

ஈயம்


ஜூன் 1

வாலுவுக்கு,

இன்னும் நான்கு பேர். ஒருவரைத் தேடி இரண்டு பஸ் மாறிப் போனேன். வீடு மாறிவிட்டாராம். நாளைக்குப் புது வீட்டுக்குப் போகிறேன்.

ஈயம்


ஜூன் 14

வாலுவுக்கு,

தொண்ணூற்று மூன்று பேரிடம் சொல்லியாயிற்று. அவர்கள் பணமும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒருவர் மிச்சம். நோட்டில் 'ஒரு போர்டு, ரொக்கம்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பேர் இல்லை, நம்பர் இல்லை. போன வருடம் மழை நாளில் நான் ஞாயிற்றுச் சந்தையில் போட்ட கடையில் வாங்கியவர். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமையாகச் சந்தையில் நின்று, வருகிற ஹெல்மெட்டுகளையெல்லாம் பார்த்தேன். என்னைத் திருடன் என்று நினைத்து ஒருவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்.

கண்டுபிடிப்பேனா தெரியவில்லை. முடிந்தது என்று உனக்கு எழுதத்தான் இத்தனை நாள் நடந்தேன். எழுத முடியவில்லை.

ஈயம்


ஜூன் 20

அன்புள்ள ஈயத்துக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதாதது கோபத்தால் மட்டும் இல்லை.

நானும் பாலிடெக்னிக்கில் உன் பக்கத்து பெஞ்சில் படித்தவள்தான், மறந்துவிட்டாயா? உன் ஏப்ரல் எட்டாம் தேதிக் கடிதம் வந்த அன்றே அந்த இரண்டாவது வரித் தளத்தில் என் கணக்கைத் திறக்க வழி கண்டுபிடித்தேன். எத்தனை போர்டு என் பெயரில் ஓடுகிறது என்று அதில் தெரியும். தினமும் வேலைக்குப் போவதற்கு முன் பார்ப்பேன். நீ ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொல்ல, ஒன்றொன்றாக நின்றுகொண்டே வந்தன. உன் கடிதம் வருவதற்கு முன்பே எண் குறைவது எனக்குத் தெரிந்துவிடும். உனக்குச் சொல்லவில்லை.

இந்த மாதம் ஐந்தாம் தேதியிலிருந்து ஒன்றே ஒன்று மட்டும் நிற்காமல் ஓடுகிறது. அன்றிலிருந்து தபால்காரர் வரும் நேரத்தில் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். எல்லாருக்கும் சொல்லியாயிற்று, முடிந்தது என்று நீ எழுதிவிடுவாயோ என்று பயம். ஒரே ஒரு போர்டு, முகம் தெரியாத ஆள், விட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அப்படி எழுதியிருந்தால் நான் பதில் போட்டிருக்க மாட்டேன், ஏன் என்றுகூட உனக்குத் தெரிந்திருக்காது. உன் உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் கையில் வைத்திருந்தேன்.

ஒருவர் மிச்சம் என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன். டாக்டர் என் காதுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

நான் இரண்டு வருடத்துக்கு இங்கிருந்து அசைய முடியாது, கையெழுத்துப் போட்டாயிற்று. அதனால் நீ கிளம்பி வா. டிவி ரிப்பேர் கடை இந்த ஊரிலும் இருக்கிறது. அந்த ஹெல்மெட்டுக்காரருடைய பங்கை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன், இன்று காலையும் வந்தது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிப் போய்ச் சந்தையில் நிற்போம். இரண்டு பேராக நின்றால் இரண்டு வாசலையும் பார்க்கலாம்.

உன்,
வாலு